வெயிலில் வைத்தும் வெளுக்காத சாயத்தண்ணீர்

கேள்வி: பெயின்ட் கடையில் வாங்கிய டைட்டானியம் டை ஆக்சைடு தூளைச் சாயக் கழிவுநீர் டிரம்மில் கலந்து வெயிலில் வைத்தேன். நிறம் மாறவே இல்லையே?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: தூளே தப்பு. பெயின்டுக்கானது பெரும்பாலும் ரூட்டைல் என்னும் படிக வகை; பெயின்ட் உதிராமலிருக்க அலுமினா, சிலிக்கா பூசி, ஒளி பட்டால் சாயத்தைச் சிதைக்கும் அதன் வினையை அடக்கியிருப்பார்கள். அனடேஸ் என்னும் இன்னொரு படிக வகையின் நானோ (மிக நுண்ணிய) தூள் கேளுங்கள். அதுவும் 387 நானோமீட்டருக்குக் கீழான புற ஊதா ஒளியில்தான் வேலை செய்யும். வெயிலில் புற ஊதா ஒளியே சுமார் 5 சதவீதம்தான். டிரம்மின் அடிக்கு எங்கே எட்டும்?

வடிகட்டிய நீரை அகலத் தட்டில் 2, 3 செ.மீ. உயரத்துக்கு ஊற்றி, லிட்டருக்கு 1 கிராம் தூள் போட்டுப் பாருங்கள். கூடினால் கலங்கலே ஒளியை மறைக்கும். மீன்தொட்டி பம்பால் காற்று ஊதுங்கள். ஆக்சிஜன் இல்லாமல் வினை நகராது. சாயத்தில் சேர்த்த உப்பும் சோடாவும் வேகத்தைக் குறைக்கும். நிறம் போனாலும் சி.ஓ.டி. (நீரில் மிஞ்சிய கழிவைச் சிதைக்கத் தேவையான ஆக்சிஜன் அளவு) பார்க்காமல் சாக்கடையில் விடாதீர்கள்.