பட்டறைப் பதில்கள்: கருமருந்துக்கு எதிரி ஈரம்

(லைசென்ஸ் துப்பாக்கிகளைப் பழுது பார்த்து ஓய்வு பெற்ற சேலத்துக்காரர் ஒருவர், வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கும் மகன், 1851 கோல்ட் நேவி ரிவால்வரின் நகல் ஒன்று வைத்திருக்கிறான். இத்தாலியில் செய்தது. கருமருந்து என்ற பழைய வெடித்தூள் போட்டுச் சுடுவது. அடுத்த மாதம் அங்கே போகிறேன். “லேத் பட்டறையிலேயே இருந்தவராச்சே, கழட்டித் துடைக்கச் சொல்லிக் குடுங்கப்பா” என்கிறான். எங்கே தொடங்குவது?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி

பதில்: முதலில் திருப்புளியைக் கீழே வையுங்கள் சார். சுட்டு முடித்த அன்று செய்யும் சுத்தத்துக்கு அது அநேகமாகத் தேவையே இல்லை.

மருந்தும் குண்டும் போடும் ஆறு அறைகள் கொண்ட உருளையின் பின்பக்கம், அறைக்கு ஒன்றாக ஆறு நிப்பிள் (துளையுள்ள சின்ன மூக்கு) இருக்கும். ஒன்றிலும் கேப்பு (அடித்தால் பொறி விடும் சின்ன மூடி) இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் மற்ற வேலை. குதிரையை, அதாவது கேப்பை அடிக்கும் சுத்தியை, பாதி இழுத்து நிறுத்தினால் உருளை கையால் சுற்றும். குழலைத் துப்பாக்கியின் உடம்போடு பிடித்திருப்பது குறுக்கே போகும் ஒரு இரும்பு ஆப்பு. ஆப்பசைத்த குரங்கின் கதி நமக்குத் தெரியும். ஆனால் இங்கே அசைத்துத்தான் ஆகவேண்டும். வலப்பக்கம் ஆப்பின் நுனியில் சின்ன ஸ்பிரிங் நாக்கு தெரியும். அதை அமுக்கிக்கொண்டு, மரச்சுத்தியால் இடப்பக்கம் நோக்கித் தட்டுங்கள். இடப்பக்க ஸ்க்ரூ அதை முழுசாக விழவிடாமல் பிடித்துக்கொள்ளும், அது போதும். குழல் வர மறுத்தால் முறுக்காதீர்கள். குழலுக்கு அடியில் குண்டை இடிக்கும் நெம்புகோல் இருக்கிறதே, அதன் முனை இரண்டு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் படுகிற மாதிரி உருளையைத் திருப்பி, நெம்புகோலை அழுத்துங்கள். குழல் தானாக முன்னால் நகரும். பிறகு உருளையை உருவி, ஆறு அறையும் காலியா என்று பாருங்கள். நிப்பிள்களை அதற்கான சாவியால் கழற்றுங்கள். குறடு வேண்டாம்.

இப்போது பெரும்பாலோர் எண்ணெயைத் தேடுவார்கள். முதலில் வேண்டியது வெந்நீர். கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் பெரும்பகுதி பொட்டாசியம் உப்புகள். காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து இரும்பில் ஒட்டவைப்பது அவைதான். மண்ணெண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். சோப்பு கலந்த சூடான நீரில் குழலையும் உருளையையும் ஊறவைத்து பிரஷ் போடுங்கள். மரப்பிடியில் மட்டும் தண்ணீர் படக்கூடாது. கடைசியாக நன்றாகக் கொதித்த நீரில் ஒரு முறை அலசினால் இரும்பே சூடேறி ஈரத்தை விரட்டிவிடும். அந்தச் சூட்டோடு மெல்லிசாக எண்ணெய் பூசுங்கள். அடுத்த முறை சுடுவதற்கு முன் அதைத் துடைத்துவிட வேண்டும். பெட்ரோலிய எண்ணெயும் கருமருந்துப் புகையும் சேர்ந்தால் தார் போல இறுகும். சுடுகிற நாளில் ஆலிவ் எண்ணெயும் தேன்மெழுகும் கலந்த பசைதான் எனக்குப் பிடித்தது. உருளை சுற்றுகிற நடு அச்சுக்கும் நிப்பிள் மரைக்கும் அதையே தடவலாம்.

பிடியையும் விசைப் பகுதியையும் ஒவ்வொரு முறையும் பிரிக்காதீர்கள். உடைந்த கேப்புத் துணுக்கு குதிரையின் இடுக்கில் விழுந்து சிக்கினால், அல்லது வருஷத்துக்கு ஒரு தடவை பிரித்தால் போதும். திருப்புளி அப்போதுதான். நம் கடைத்திருப்புளியின் முனை சரிவாக இருக்கும். ஸ்க்ரூ பிளவின் மேல்விளிம்பை மட்டும் கவ்வி, வழுக்கி, தலையை மழித்துவிடும். இந்த நகல்களில் பிளவு ஒடுக்கமாகவும் இருக்கும். முனையை இணையான இரண்டு முகமாக அரத்தில் தேய்த்து, பிளவின் அடிவரை இறங்குகிற மாதிரி செய்துகொள்ளுங்கள். லேத்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஸ்க்ரூக்கள் ஒன்றுபோல் தோன்றினாலும் நீளம் வேறு வேறு. முட்டை அட்டையில் வரிசையாகப் போட்டு வையுங்கள். உள்ளே விசையையும் உருளைப் பூட்டையும் தள்ளும் இரட்டைக்கால் ஸ்பிரிங் ஒன்று இருக்கும். அடிக்கடி உடைவது அதுதான், ஒன்று கூடுதலாக வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

திரும்பப் பூட்டும்போது ஆப்பை அறையாதீர்கள். அளவுக்கு மேல் உள்ளே போனால் குழல் பின்னால் இழுபட்டு உருளை சுற்றாது. ஸ்பிரிங் நாக்கு மறுபக்கம் எட்டிப்பார்த்தால் போதும்.

கேள்வி: தாத்தா காலத்து மருந்து இடிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி, எஸ்டேட் வீட்டில் இருக்கிறது. தோல் உறையில் போட்டு மண்ணெண்ணெய் தடவி வைத்தும் மழைக்காலத்தில் துரு ஏறுகிறது. என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: அம்மா, துருவை வளர்ப்பது அந்த உறைதான். சுமார் 1,500 மீட்டர் உயரத்து மூடுபனியில் தோல் ஈரத்தைக் குடித்துவிட்டு நாள் முழுக்க இரும்போடு ஒட்டிக் கிடக்கிறது. மண்ணெண்ணெய் ஆவியாகிப் போய்விடும், காவலுக்கு நிற்காது. உறையை வெயிலில் காயவைத்துப் பரணில் போடுங்கள். துப்பாக்கி காற்றோட்டமான, பூட்டுள்ள அலமாரியில் வாய் கீழ்நோக்கி நிற்கட்டும். அப்போதுதான் எண்ணெய் வழிந்து பின்கட்டை மரத்தில் ஊறாது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், 24 டிகிரிக்குக் கீழே அது உறையும். மார்கழியில் உங்கள் ஊர் பாட்டிலைப் பார்த்தாலே தெரியும். குதிரை இடுக்கில் உறைந்தால் விசை மந்தமாகும். தையல் மிஷின் எண்ணெயைத் துணியில் நனைத்து, ஒரு படலம் மட்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. உள்ளே மருந்து இருக்கிறதா? கெஜக்கோலை (மருந்து இடிக்கும் நீளக் கோல்) மெதுவாகக் குழலுக்குள்ளே விட்டு, வாயோரம் விரலால் அடையாளம் பிடித்து வெளியே எடுத்து, குழலின் வெளிப்பக்கம் வைத்துப் பாருங்கள். அதன் நுனி நிப்பிள் வரைக்கும் வராமல் நாலு விரல் முன்னாலேயே நின்றால் உள்ளே ஏதோ கிடக்கிறது. ஈரம் படாத கருமருந்து எத்தனை வருஷமானாலும் எரியும். சுட்டுக் காலி செய்யப் பார்க்காதீர்கள், குழல் கிழியலாம். நீங்களாகக் குடையவும் வேண்டாம், லைசென்ஸ் உள்ள பழுதுக்காரரை வரச் சொல்லுங்கள். லைசென்ஸ் இன்னும் தாத்தா பெயரில்தான் என்றால், துடைப்பதை விட அது அவசரம். போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைத்துவிட்டு, உங்கள் பெயருக்குக் கலெக்டர் ஆபீஸில் விண்ணப்பியுங்கள்.

கேள்வி: அந்த நகல் ரிவால்வருக்கு அமெரிக்காவில் லைசென்ஸே கேட்பதில்லையாமே? ஷோகேஸுக்கு ஒன்று கொண்டுவரலாமா?
- ஒரு வாசகர், அம்மாபேட்டை

பதில்: அவர்களின் 1968-ம் வருஷ மத்தியச் சட்டம் கருமருந்து நகல்களைத் துப்பாக்கிக் கணக்கில் சேர்ப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நம் 1959 ஆயுதச் சட்டத்தில் சுடக்கூடியது எல்லாம் துப்பாக்கிதான். பழுது பார்த்தாலும் சுடவே முடியாத பழம்பொருளுக்குத்தான் விலக்கு. பெட்டியில் வைத்து வந்தால் ஏர்போர்ட்டிலேயே வழக்கு. போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி பிரேம் போட்டு மாட்டுங்கள்.