ரைன் பள்ளத்தாக்கில் மூன்று நாட்கள்: எந்த ஊரில் தங்கி, எந்தக் கோட்டைகளைப் பார்ப்பது?

செப்டம்பர் இறுதியில் பெற்றோருடன் ஜெர்மனிக்கு வருவதாகவும், ரைன் ஆற்றங்கரையில் மூன்று நாட்கள் செலவிட முடியும் என்றும், குடும்பத்தில் யாருக்கும் மதுப் பழக்கம் இல்லாததால் இடிந்த கோட்டைகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மைன்ஸ் நகரில் ஆறு ஆண்டுகள் வசித்தபோது, விடுமுறை நாட்களில் நான் அதிகம் சென்றது இந்தப் பள்ளத்தாக்கிற்குத்தான். ஒரு சொட்டு ஒயின்கூட அருந்தாமல் இந்தப் பகுதியை நிறைவாகப் பார்க்கலாம். ஆனால் திராட்சைத் தோட்டங்களைப் பின்னணிக் காட்சியாக மட்டும் வைத்துக்கொண்டு கோட்டைகளைப் பார்த்தால், அவை ஏன் அங்கே எழுந்தன என்பதே விளங்காது.

பிங்கன் நகரிலிருந்து கோப்ளென்ஸ் வரை ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் குறுகிய பள்ளத்தாக்கை யுனெஸ்கோ 2002இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. இவ்வளவு சிறிய தூரத்தில் நாற்பது அளவிலான கோட்டைகள் அமைந்ததற்குப் போர் மட்டும் காரணமல்ல, சுங்கமும் காரணம். மலைப்பாதைகள் மோசமாக இருந்த காலத்தில் சரக்குகள் ஆற்றின் வழியேதான் சென்றாக வேண்டும். அந்தச் சரக்குகளில் முக்கியமானது ஒயின். மைன்ஸ், டிரியர், கொலோன் பேராயர்களும், ஃபால்ட்ஸ் பகுதியின் கோமகன்களும், சிறு பிரபுக்களும் தத்தம் எல்லைக்குள் படகுகளை நிறுத்திச் சுங்கம் வாங்கினார்கள். அதைக் காப்பதற்கு மேலே கோட்டை எழுப்பினார்கள். கௌப் ஊருக்கு எதிரே, ஆற்றின் நடுவிலுள்ள பாறைத் தீவில் கப்பல் போலத் தோன்றும் ஃபால்ட்ஸ்கிராஃபென்ஷ்டைன் கோட்டை இதற்கு நேரடிச் சான்று. பவேரிய லுட்விக் மன்னர் 1326-27 வாக்கில் கட்டத் தொடங்கிய இக்கோட்டை எந்தப் போரிலும் இடியாமல் நிற்கிறது.

தங்குவதற்கு நான் பரிந்துரைப்பது பாகராக் என்னும் சிற்றூர். மைன்ஸிலிருந்து உள்ளூர் ரயிலில் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில் சென்றுவிடலாம். ரயில் நிலையத்திலிருந்து ஊர் சில நிமிட நடைதான். முக்கியத் தெருக்கள் சமதளமாக இருப்பதால் உங்கள் பெற்றோருக்குச் சிரமம் இராது. பிங்கன் அருகே ஆற்றின் குறுக்கே இருந்த பாறைத்தொடர்தான் இவ்வூருக்கு வாழ்வு தந்தது. பெரிய கப்பல்கள் அதைக் கடக்க முடியாததால், மேல்பகுதியில் விளைந்த ஒயின் பீப்பாய்கள் சிறு படகுகளில் வந்து, பாகராக்கில் பெரிய கப்பல்களுக்கு மாற்றப்பட்டன. வேறு ஊர்களில் விளைந்த ஒயினும் இவ்வாறு பாகராக்கின் பெயரைச் சுமந்துகொண்டு வடக்கே சென்றது. 1830களின் தொடக்கத்தில் அந்தப் பாறையை வெடிவைத்து உடைத்து, கப்பல் வழியை அகலப்படுத்தினார்கள். ஊரில் இன்றும் நிற்கும் மரச்சட்ட வீடுகளில் மிகப் பழையதான 'ஆல்டஸ் ஹவுஸ்' 1368ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பகல் நேரப் பயணிகள் மாலைக் கப்பலில் திரும்பிய பிறகு, அந்தத் தெருவில் ஒரு முறை மெதுவாக நடந்து பாருங்கள். அதற்காகவே இங்கு இரவு தங்கச் சொல்கிறேன்.

ஊருக்கு மேலே வெர்னர் தேவாலயத்தின் இடிபாடு இருக்கிறது. சிவந்த மணற்கல்லில், கூரையும் கண்ணாடியும் இல்லாமல், சாளரங்களின் நுண்ணிய கல் வேலைப்பாடு மட்டும் வானத்தைச் சட்டமிட்டதுபோல் நிற்கும் அதைப் பலரும் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். 1287இல் வெர்னர் என்னும் சிறுவன் இறந்து கிடந்தபோது, பழி எந்த ஆதாரமும் இன்றி யூதர்கள்மீது சுமத்தப்பட்டது. ரைன், மோசல் கரையோர ஊர்களில் யூதக் குடும்பங்கள் கொல்லப்பட்டன. ஹப்ஸ்பர்க் ருடால்ஃப் மன்னரே அந்தப் பழியை ஏற்கவில்லை. இருந்தும் அச்சிறுவனைப் புனிதனாகக் கொண்டாடும் வழிபாடு வளர்ந்து, அதற்காகவே இந்தக் கட்டடம் எழுந்தது. டிரியர் மறைமாவட்டம் தன் நாட்காட்டியிலிருந்து அவன் பெயரை 1963இல்தான் நீக்கியது. யூதர்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைக்கு மன்னிப்பு வேண்டும் வாசகம் பொறித்த பலகை ஒன்று இப்போது அங்கே இருக்கிறது. முதன்முறை நான் அழகை மட்டும் பார்த்துவிட்டு இறங்கினேன். அடுத்த முறை அந்தப் பலகையைப் படித்த பிறகு, அங்கிருந்து எளிதில் நகர முடியவில்லை.

தேவாலயம் சிதைந்ததற்குக் காரணம், அதற்கும் மேலே இருக்கும் ஷ்டாலெக் கோட்டை. பிரான்ஸின் பதினான்காம் லூயி நடத்திய போரில், 1689இல் பிரெஞ்சுப் படையினர் அக்கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தபோது சிதறிய கற்கள் கீழே விழுந்து தேவாலயத்தைப் பாழாக்கின. இந்தப் பள்ளத்தாக்கில் பல கோட்டைகளின் வரலாற்றில் 1689 என்னும் ஆண்டு உங்கள் கண்ணில் படும். ஷ்டாலெக் 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்டு, இன்று இளைஞர் விடுதியாக இயங்குகிறது. குடும்பத்துடனும் தங்கலாம். ஆனால் படிகள் அதிகம் என்பதால் உங்கள் பெற்றோருக்கு ஊருக்குள் உள்ள சிறு விடுதியே ஏற்றது.

இடிபாட்டை அதன் முழு அளவில் காண, ஒரு நாள் முழுவதையும் சாங்க்ட் கோவார் ஊரின் மேலுள்ள ரைன்ஃபெல்ஸ் கோட்டைக்கு ஒதுக்குங்கள். காட்சனெல்ன்போகன் பிரபு ஐந்தாம் டீட்டர் 1245இல் கட்டத் தொடங்கிய கோட்டை அது. அவர் சுங்கத்தை உயர்த்தியதால் வெகுண்ட ரைன் நகரங்களின் கூட்டணி 1255இல் முற்றுகையிட்டு, ஓராண்டுக்கும் மேல் முயன்றும் தோற்றது. 1692இல் பிரெஞ்சுப் பெரும்படை வந்தபோதும் கோட்டை விழவில்லை. அத்தகைய கோட்டை 1794இல் பிரெஞ்சுப் புரட்சிப் படையிடம் போரிடாமலே ஒப்படைக்கப்பட்டு, 1796-97இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பின்னர் கோப்ளென்ஸ் எதிரேயுள்ள ஏரன்பிரைட்ஷ்டைன் கோட்டையை மறுபடி கட்டுவதற்கு இங்கிருந்து கற்கள் எடுத்துச் செல்லப்பட்டன. உள்ளே, ஒரு தூண்கூட இல்லாமல் வளைந்து நிற்கும் மாபெரும் நிலவறையைத் தவறவிடாதீர்கள். கோட்டையின் ஒயின் கையிருப்பு அங்கேதான் இருந்தது. சுரங்கப் பாதைகள் சிலவற்றில் குனிந்துதான் செல்ல முடியும், கைவிளக்கும் தேவைப்படும். பராமரிப்புப் பணிகளுக்காகச் சில பகுதிகளை மூடியிருப்பார்கள் என்பதால், புறப்படும் முன் நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடியாத கோட்டை எப்படி இருக்கும் என்று பார்க்கப் பெற்றோர் விரும்பினால், பிரௌபாக் ஊரிலுள்ள மார்க்ஸ்பர்க் கோட்டைக்குச் செல்லலாம். பள்ளத்தாக்கின் மலைக்கோட்டைகளில் ஒருபோதும் தகர்க்கப்படாதது அது ஒன்றுதான். வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே விடுவார்கள். தரை கரடுமுரடான பாறை என்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துச் செல்வது நல்லது.

இனி, நான் மிகவும் சொல்ல விரும்பும் செய்தி. கோட்டைக்குச் செல்லும் வழியில் மலைச்சரிவைப் பாருங்கள். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய தாங்குசுவர்கள் படிப்படியாக ஏறிச் செல்லும்; இடையே ரீஸ்லிங் திராட்சைக் கொடிகள் நிற்கும். இந்தச் சரிவின் சிலேட்டுக் கல் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் மெல்ல வெளியிடுவதாலும், செங்குத்தான சாய்வு வெயிலை நேராக ஏற்பதாலும்தான் இவ்வளவு வடக்கே திராட்சை பழுக்கிறது. ஆனால் இங்கே பெரும்பாலான வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும். சமவெளித் தோட்டத்தைவிடப் பல மடங்கு உழைப்பு தேவை. சமவெளி ஒயினுடன் விலையில் போட்டியிட முடியாமலும், இளைய தலைமுறை வேறு வேலைகளுக்குச் சென்றதாலும், கடந்த நூறு ஆண்டுகளில் தோட்டங்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டது. அங்கெல்லாம் முட்புதர் மண்டி, சுவர்கள் சரிந்து கிடக்கின்றன. கோட்டை இடிபாட்டைக் காக்க நிதியும் பணியாளர்களும் இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக உழவர்கள் முதுகில் கல் சுமந்து கட்டிய இந்தச் சுவர்களின் இடிபாட்டைப் பார்ப்பதற்கென்று பயணம் செய்பவர்கள் மிகக் குறைவு. எனக்கு இரண்டும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகள். பிரபு வாங்கிய சுங்கத்துக்கு மூலமான ஒயின் இந்தச் சுவர்களிடையேதான் விளைந்தது.

உங்கள் பயணம் அறுவடைக் காலத்தை ஒட்டி வருவது நல்வாய்ப்பு. தோட்டக்காரர்கள் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் தம் வீட்டு முற்றத்திலேயே நடத்தும் 'ஷ்ட்ராவுஸ்விர்ட்ஷாஃப்ட்' என்னும் எளிய உணவகங்களில் 'ட்ராவுபன்சாஃப்ட்' என்று கேட்டால் திராட்சைச் சாறு தருவார்கள். மது கேட்காததை யாரும் குறையாக எண்ணுவதில்லை. சைவ உணவுக்கு ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காய அடை போன்றவை கிடைக்கும். ஆனால் அடையில் பன்றி இறைச்சித் துண்டுகள் கலந்திருக்கலாம் என்பதால் கேட்டு வாங்குங்கள்.

கோப்ளென்ஸுக்கும் மைன்ஸுக்கும் இடையே ஆற்றுக்குப் பாலமே கிடையாது. கரை மாறப் படகுத்துறைகளையே நம்ப வேண்டும், மாலையில் கடைசிப் படகு எப்போது என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். இரு கரைகளிலும் இரவு முழுவதும் சரக்கு ரயில்கள் ஓடுவதால், ஆற்றைப் பார்த்த அறையைவிட ஊரின் உட்புற அறையே உறக்கத்துக்கு நல்லது. நவம்பரில் ஒருமுறை சென்று, பயணிகள் கப்பலும் இல்லாமல், கோட்டைக் கதவும் பூட்டியிருக்கக் கண்டு திரும்பினேன். செப்டம்பரில் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

முதல் நாள் பாகராக்கும் கௌப்பும், இரண்டாம் நாள் ரைன்ஃபெல்ஸ் என்று வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் காலையை எந்தத் திட்டமும் இல்லாமல் விடுங்கள். பெற்றோர் ஆற்றங்கரைப் பூங்காவில் அமர்ந்திருக்க, நீங்கள் பாகராக் மதிலை ஒட்டித் தோட்டத்தின் நடுவே நிற்கும் போஸ்டன்டூர்ம் கோபுரம் வரை ஏறிச் செல்லுங்கள். அங்கிருந்து கோட்டை, தேவாலயம், கொடிகள், கைவிடப்பட்ட சுவர்கள், ஆறு எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.