சேவைச் சங்கம் நடத்துகிறவர்கள் கேட்டவை: ஒரு பழைய பொருளாளரின் பதில்கள்

ராமநாதபுரத்தில் ஒரு சேவைச் சங்கத்தில் 26 வருடமாக இருக்கிறேன். மூன்று முறை பொருளாளர், ஒரு முறை தலைவர். வசூல், கணக்கு, முகாம், குடிதண்ணீர் வேலை, இந்த நான்கைப் பற்றிக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். யாரை மேடையில் உட்கார வைக்கவில்லை, யார் பெயர் அழைப்பிதழில் விட்டுப்போனது என்கிற பஞ்சாயத்துகளில் நான் தலையிடுவதில்லை.

தொண்டியிலிருந்து ஒரு தம்பி: நாங்கள் 15 பேர் சேர்ந்து சங்கம் தொடங்கப் போகிறோம். ரோட்டரியா, லயன்ஸா, தனியாகவா?

பதில்: முதல் இரண்டுக்கும் 20 பேர் வேண்டும் தம்பி. உறுப்பினர் சந்தாவில் ஒரு பகுதி டாலர் கணக்கில் வெளியே போகும் என்பதையும் தெரிந்துகொண்டு சேருங்கள். தனியாகப் பதிவு செய்ய 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். ஒரு வருடம் தனியாக வேலை செய்து பாருங்கள். 15 பேரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று அதற்குள் தெரிந்துவிடும், பெயர்ப்பலகையை அப்புறம் முடிவு செய்யலாம்.

பாம்பனிலிருந்து: அண்ணே, 100 ரூபாய் சீட்டு போட்டு, முதல் பரிசு பைக் என்று குலுக்கல் நடத்தலாம் என்று இருக்கிறோம். வசூல் நன்றாக வருமா?

பதில்: வரும். ஆனால் நடத்தக் கூடாது. தமிழ்நாட்டில் 2003-இல் இருந்து லாட்டரிக்குத் தடை. பணம் வாங்கிக்கொண்டு சீட்டுக் கொடுத்து, அதிர்ஷ்டத்தை வைத்துப் பரிசு கொடுத்தால் அது லாட்டரிதான், வரும் பணம் கண் முகாமுக்கே போனாலும் சரி. நாளைக்குப் பரிசு விழாத ஒருத்தர் காவல் நிலையத்தில் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேரும் போய் நிற்க வேண்டியிருக்கும். அந்த உழைப்பை ஒரு நாள் விற்பனையில் போடுங்கள். எங்கள் சங்கம் கீழக்கரைத் தொதல் இனிப்பு, கருப்பட்டி, பனையோலைக் கொட்டான், முண்டு மிளகாய் எல்லாம் செய்கிறவர்களிடமே நேராக வாங்கி, வெளியூர்க்காரர்கள் வந்துபோகும் இடத்தில் விற்கிறது. பைக் குலுக்கல் அளவுக்கு வராது, ஆனால் வந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது இருக்கிறது, கொட்டான் முடைகிற பெண்களுக்கும் ஒரு வாரக் கூலி கிடைக்கிறது.

கீழக்கரையிலிருந்து: எங்கள் ஊர்ப் பிள்ளைகள் துபாய், சவூதி, சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டப் பணம் அனுப்பத் தயார். சங்கக் கணக்கில் நேராக வாங்கலாமா?

பதில்: காக்கா (எங்கள் பக்கம் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்), இந்தக் கடற்கரையில் எல்லாச் சங்கமும் கேட்க வேண்டிய கேள்வி இது, பாதிப் பேர் கேட்காமலேயே வாங்கிவிடுகிறார்கள். அனுப்புகிறவர் எங்கே இருக்கிறார் என்பதைப் பார்க்காதீர்கள், கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பாருங்கள். துபாயில் 20 வருடம் இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையாக வங்கி வழியே அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகல் ஒன்று வாங்கி ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். அதே ஊரில், அதே தெருவில் பிறந்து சிங்கப்பூர் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் சரி, அவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். பதிவு கேட்பதற்கே சங்கம் மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் சேவைக்குச் செலவழித்திருக்க வேண்டும். சின்னச் சங்கத்துக்கு அது எட்டாது.

அதனால் என்ன செய்கிறார்கள் என்றால், ஊரில் இருக்கும் மச்சான் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து சங்கத்துக்கு மாற்றுவது, இல்லையென்றால் உண்டியல் (ஹவாலா) ஆளிடம் கொடுத்து ரொக்கமாக வாங்குவது. இரண்டையும் தொடாதீர்கள். நல்ல மனதோடு கொடுத்தவரையும் வாங்கியவரையும் சேர்த்துச் சிக்கலில் மாட்டிவிடும். சிங்கப்பூர்க்காரர் ஊருக்கு வரும்போது கழிப்பறை பாதி கட்டியிருப்பதைக் காட்டுங்கள், அவர் வீட்டில் இந்தியக் குடியுரிமையோடு சம்பாதிக்கிற தம்பி இருந்தால், அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து கொடுக்கட்டும்.

இன்னொன்று. உள்ளூர் நன்கொடை என்றாலும் 2000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், 80ஜி என்று சொல்கிற நன்கொடைக்கான வருமான வரி விலக்கு கொடுத்தவருக்குக் கிடைக்காது. ‘கையில் வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணே’ என்று நீட்டுகிற கடைக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மண்டபத்திலிருந்து: குலுக்கல் இல்லாமல், நன்கொடை ரசீதில் நம்பர் போட்டு, அதிலிருந்து ஒரு நம்பர் எடுத்து ‘அன்பளிப்பு’ கொடுத்தால்?

பதில்: பெயரை மாற்றினாலும் அது குலுக்கல்தான். மேலே பாம்பன் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

வாலிநோக்கம் பக்கத்திலிருந்து: உப்பளத் தொழிலாளர்களுக்குக் கண் முகாம் நடத்த ஆசை. போன வருடம் நடத்தினோம், கூட்டமே வரவில்லை.

பதில்: என்ன கிழமை, எத்தனை மணிக்கு நடத்தினீர்கள் என்று எழுதவில்லை. ஞாயிறு காலை பத்து மணி என்றுதான் நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான் வைக்கிறார்கள். உப்பளத்தில் வெயிலுக்கு முன்னால் வேலைக்கு இறங்குகிறவர்கள், ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. மழைக்காலம் தொடங்கி உப்பு வாருவது நின்ற பிறகு வையுங்கள், அல்லது வேலை முடிந்த பிற்பகலில் பாத்திக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மீனவர் ஊர் என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. ராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வரும். ஞாயிறு காலை ஆணும் பெண்ணும் மீன் இறக்குகிற இடத்தில் நிற்கும்போது பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டால் யார் வருவார்கள்?

உப்பின் வெளிச்சக் கூச்சமும் கடல் காற்றும் மணலும் சேர்ந்து கண்ணில் சதை வளர்வது இங்கே அதிகம். அது வேறு, கண்புரை வேறு. இரண்டையும் ‘கண்ணில் பூ விழுந்திருக்கு’ என்று ஒரே பேரில் சொல்வார்கள், பதிவு செய்கிற உங்கள் ஆட்களுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். அறுவை சிகிச்சையை முகாமில் செய்யக் கூடாது. 1976-இல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை காட்டிய வழி அதுதான்: ஊரில் பரிசோதனை, தேவைப்படுகிறவர்களைப் பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் அங்கே அறுவை, மறுபடி ஊரில் கொண்டுவந்து விடுவது. சங்கத்தின் வேலை இடம், அறிவிப்பு, பஸ், சாப்பாடு. அதோடு ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு அத்தனை பேரையும் திரும்பக் கூட்டி வருவது, அதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். அப்புறம், 40 தாண்டி வலை பின்னுகிறவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுங்கள். செலவு மிகக் குறைவு, மறுநாளே அவர்கள் கைவேலை மாறிவிடும்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: ஜூலையில் பதவியேற்பு விழாவன்று 300 யூனிட் ரத்தம் திரட்ட முடியுமா சார்?

பதில்: முடியும்மா. ஆனால் ஒரே நாளில் 300 வேண்டாம். சிவப்பணுவை 35 முதல் 42 நாள் வரைதான் வைத்திருக்கலாம், தட்டணுவுக்கு (பிளேட்லெட்) ஐந்தே நாள். ஒரே நாளில் கொட்டிவிட்டால் ஜூலையில் மிஞ்சும், செப்டம்பரில் ஒரு பிரசவத்துக்கு ஆள் தேடி ஓட வேண்டியிருக்கும். 300 பேரை ஆறாகப் பிரித்து இரண்டு மாதத்துக்கு ஒரு முறை 50 பேர் என்று வையுங்கள். ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி. வயது 18 முதல் 65, எடை 45 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். வெறும் வயிற்றோடு யாரையும் படுக்க வைக்காதீர்கள், அதனால் நோன்பு மாதத்தில் பகல் முகாம் வேண்டாம், பெருநாள் கழித்து வையுங்கள். உரிமம் உள்ள ரத்த மையத்தோடு மட்டும் சேருங்கள்.

தங்கச்சிமடத்திலிருந்து: மே மாதம் படகுக்கு 500 என்று பதவியேற்பு விழா வசூல் தொடங்கலாமா?

பதில்: வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கிறது, கூலிக்குப் போகிறவன் வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. அந்த நேரத்தில் அவனிடம் போய்ப் பதவியேற்பு மேடைக்குப் பணம் கேட்கலாமா? மே மாதம் சங்கம் கொடுக்க வேண்டிய மாதம். பள்ளி திறக்குமுன் நோட்டு, சீருடை, கட்டணம் என்று அந்தத் தெருவிலேயே எத்தனையோ தேவை இருக்கும். பொதுமக்களிடம் வாங்கிய பணத்தில் மாலை, பொன்னாடை, கேடயம் வாங்கவே கூடாது, அது உறுப்பினர் சந்தாவில் போக வேண்டிய செலவு. லயன்ஸில் நிர்வாகக் கணக்கும் சேவைக் கணக்கும் தனித்தனி என்பது எழுதிய விதி. எந்தச் சங்கமானாலும் இரண்டு பாஸ்புக் வையுங்கள்.

சாயல்குடியிலிருந்து: அரசுப் பள்ளியில் தண்ணீர் உப்பு. ஆர்.ஓ. மெஷின் வைக்கச் சங்கத்தில் பணம் இருக்கிறது. எந்தக் கம்பெனி நல்லது?

பதில்: கம்பெனி கடைசி. நாலு கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். கரண்ட் பில் யார் கட்டுவது? ஃபில்டரும், உப்பைப் பிரிக்கிற சவ்வான மெம்பிரேனும் மாற்றும் செலவு யாருடையது? தினமும் போட்டு நிறுத்துகிற ஆள் யார்? கழிவுத் தண்ணீர் எங்கே போகும்? நம் ஊர் உப்புத் தண்ணீரில் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுக்க அதைவிட அதிகமாகக் கழிவு போகும், அது வந்த தண்ணீரைவிடக் கரிப்பு. அதை ஊருணி (ஊர்க் குடிதண்ணீர்க் குளம்) பக்கம் திருப்பிவிட்ட இடத்தை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் பொருளாளராக இருந்த ஒரு வருடம் எங்கள் சங்கம் ஒரு பள்ளியில் மெஷின் வைத்தது. ரிப்பன் வெட்டினோம், போட்டோ எடுத்தோம். அடுத்த ஜூலை 1-ஆம் தேதி புதிய தலைவர், அவருக்கு வேறு திட்டம். மெம்பிரேன் அடைத்துக்கொண்டது, தலைமையாசிரியர் இரண்டு முறை கடிதம் எழுதினார், நாங்கள் பணம் ஒதுக்கவில்லை. 14 மாதத்தில் அறைக்குப் பூட்டு. பிள்ளைகள் திரும்பவும் வீட்டிலிருந்து பாட்டிலில் கொண்டுவந்தார்கள். அந்தப் பூட்டுக்கு நானும் பொறுப்பு. அதனால்தான் சொல்கிறேன், ஐந்து வருடப் பராமரிப்புப் பணத்தை வைப்புநிதியில் போடாமல் மெஷின் வாங்காதீர்கள். அந்தப் பணம் இல்லையென்றால் ஊருணியில் செலவழியுங்கள்.

கீழக்கரைக் காக்கா மறுபடியும்: ஊருணி, ஊருணி என்கிறீர்கள். இன்றைக்கு எந்தப் பிள்ளை கலங்கல் தண்ணீரைக் குடிக்கும்? குடம் காசு கொடுத்து லாரியில் வாங்குகிற தெருவில் வந்து பாருங்கள். மெஷின் இரண்டு வருடம் ஓடினாலும் இரண்டு வருடம் நல்ல தண்ணீர்தானே?

பதில்: லாரிக்குக் காத்திருக்கிற அலுப்பு எனக்கும் தெரியும். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது, வேறு வழி இல்லாத இடத்தில் 2000 வரை ஏற்கலாம் என்பது குடிநீர்த் தரக்கணக்கு. அதையும் தாண்டுகிற கிணறு நம்மிடம் நிறைய, அங்கே மெஷின் வேண்டும்தான். ஆனால் இரண்டு வருடம் ஓடியது போதும் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். மெஷின் வந்ததும் ஊர் ஊருணியை விட்டுவிடுகிறது. கரையில் கருவேலம் ஏறுகிறது, குப்பை விழுகிறது. மூன்றாவது வருடம் மெஷினும் இல்லை, ஊருணியும் இல்லை.

திருப்புல்லாணி பக்கத்திலிருந்து: காக்கா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அண்ணே. நாங்கள் ஊருணிதான் செய்தோம், ஜே.சி.பி. வைத்துப் பத்தடி ஆழப்படுத்தினோம். முன்னாடி சித்திரை வரை நின்ற தண்ணீர் இப்போது தை மாதமே கரிக்கிறது.

பதில்: பத்தடியா! கடலோரத்தில் அடியில் இருக்கிற களி அடுக்குதான் மழைத்தண்ணீரைத் தாங்குகிறது, அதைக் கிழித்தால் நல்ல தண்ணீர் கீழே இறங்கும், உப்பு மேலே ஊறும். வண்டல் எடுக்கலாம், களியைத் தொடக் கூடாது. ஜே.சி.பி.க்கு மணிக்கணக்கில் வாடகை என்பதால் ஓட்டுகிறவர் தோண்டிக்கொண்டேதான் இருப்பார், பக்கத்தில் ஒருத்தர் நின்று நிறுத்த வேண்டும். ஊராட்சித் தீர்மானமும் மண் எடுக்க அனுமதியும் இருந்ததா? ஆழத்தைவிட வரத்துக்கால் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழை உள்ளே வர வழியில்லாமல் குழியை மட்டும் பெரிதாக்கி என்ன பயன்?

ராமேசுவரத்திலிருந்து: செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை கடற்கரைத் தூய்மை நாளுக்கு ஒரு தீவுக்குப் போகலாமா?

பதில்: வனத்துறை அனுமதி இல்லாமல் மன்னார் வளைகுடாவின் 21 தீவில் எதிலும் கால் வைக்கக் கூடாது, அது தேசியப் பூங்கா. அக்னி தீர்த்தத்தில் ஆடி அமாவாசைக்கு மறுநாள் கிடக்கிற துணிகளை எடுங்கள். எடுத்ததை நகராட்சி வண்டி எப்போது ஏற்றும் என்று முதலில் பேசிவிட்டு எடுங்கள்.

உச்சிப்புளியிலிருந்து: தங்க நாணயக் குலுக்கல்...

பதில்: கூடாது.

கீழக்கரைக் காக்கா: சரி, ஐந்து வருட வைப்புநிதியோடு மெஷின், கழிவுக்குத் தனித் தொட்டி. இதற்குச் சம்மதமா?

பதில்: முழுச் சம்மதம் காக்கா. வைப்புநிதி ரசீது பள்ளி மேலாண்மைக் குழுவும் சங்கமும் சேர்ந்து கையெழுத்துப் போடுகிற மாதிரி இருக்கட்டும், அடுத்த தலைவர் அதை உடைக்க முடியாது.

திருப்புல்லாணி: எங்கள் ஊருணியைச் சரி செய்ய முடியுமா அண்ணே? புரட்டாசிக்குள் முடிக்க வேண்டும்.

பதில்: களி எவ்வளவு போயிருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. பக்கத்துக் கண்மாயில் களிமண் எடுக்க அனுமதி கிடைத்தால் அடியில் பரப்பித் திமிசு போட்டு இறுக்கிப் பார்க்கலாம். வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு வருகிறேன். கொத்தனாரிடம் மட்டம் பார்க்கிற டியூப் லெவல் வாங்கி வையுங்கள், ஒரு நூல் கண்டும் சுண்ணாம்பும் வேண்டும். பழைய வரத்துக்கால் எந்தப் பக்கம் ஓடியது என்று தெரிந்த பெரியவர் ஒருத்தரையும் கூட்டி வாருங்கள்.