சித்திரையில் போட்ட சுவீட் பீ ஏன் கருகியது?

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கும் அண்ணன் வரும்போது சுவீட் பீ பூ விதை ஒரு பைக்கற் கொண்டுவந்தார். பாதியைச் சித்திரையில் முற்றத்தில் போட்டேன். ஒரு சாண் வளர்ந்ததும் அடியிலை மஞ்சளாகி, கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. எங்கள் வளவு கடற்கரை மணல். மிச்ச விதையை என்ன செய்யலாம்? பட்டாணி போலச் சமைக்கலாமா?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். சமைக்கவே வேண்டாம். நாம் சாப்பிடும் பட்டாணி வேறு செடி. சுவீட் பீ விதையில் நஞ்சு உண்டு, தொடர்ந்து தின்றால் எலும்பையே பாதிக்கும். காயும் பார்வைக்குப் பட்டாணிக்காய் மாதிரியே இருப்பதால் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

சரி, செடி ஏன் செத்தது? உங்கள் கைப்பிழை இல்லை, போட்ட மாதம்தான் பிழை. சுவீட் பீயின் தாய்நிலம் இத்தாலியின் சிசிலித் தீவுப் பக்கம். அங்கே மாரிமழையில் வளர்ந்து, பூத்து, கோடை வெயில் ஏறும்போது காய்ந்துபோகும் செடி இது. வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். சித்திரை மத்தியானத்தில் உங்கள் முற்றத்து மணலில் வெறுங்காலோடு நிற்க முடியுமா? அந்தச் சூட்டில்தான் வேர் கிடந்தது. அதற்குத் தப்பியிருந்தாலும் ஆனி, ஆடியில் வறட்சியாக வீசும் கச்சான் காற்று விட்டிருக்காது.

இன்னொன்றையும் பாருங்கள். சாதாரண சுவீட் பீ வகைகள் நீண்ட பகலுக்குப் பூப்பவை. லண்டனில் ஆனி மாதத்தில் பகல் 16 மணித்தியாலத்துக்கு மேல். மட்டக்களப்பில் அப்போதும் பன்னிரண்டரைதான், மார்கழியில் 12க்கும் சற்றுக் குறைவு. ஆகவே பைக்கற்றைத் திருப்பி வாசியுங்கள். குளிர்காலத்தில் பூக்கும் வகை, முந்திப் பூக்கும் வகை என்று எழுதியிருந்தால் நம்பிக்கை வைக்கலாம். இல்லையென்றால் கொடி பச்சையாக ஓடும், பூ வருவது சந்தேகம். அடுத்த முறை அண்ணனிடம் அந்த வகையையே கேளுங்கள்.

மிச்ச விதையை ஐப்பசிக் கடைசியில் போடுங்கள். நிலத்தில் வேண்டாம், மாரிவெள்ளத்தில் வேர் அழுகும். ஓரடி ஆழமான சாடியில் மணல், மக்கிய மாட்டெரு, தும்புத்தூள் கலந்து நிரப்புங்கள். விதையின் தோலை மணல்தாளில் ஒரு பக்கம் இலேசாகத் தேய்த்து, ஓர் அங்குல ஆழத்தில் ஊன்றி, தாழ்வார ஓரம் வையுங்கள். மழை நேரே அடிக்கக்கூடாது, காலை வெயில் பட வேண்டும். மூன்று சோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கொப்பு வெடிக்கும். பிடித்து ஏற ஈர்க்குக் கட்டையோ பழைய மீன்வலையோ போதும். மாரியில் நத்தை வரும், இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்கிவிடுங்கள். அழுக்கணவன் பூச்சி பிடித்த நுனியைத் தண்ணீர் அடித்துக் கழுவலாம்.

எல்லாம் சரிவந்தால் தைக் கடைசி, மாசியில் பூக்கும். பூவை ஒன்றுவிட்ட ஒரு நாள் பறித்து வீட்டுக்குள் வையுங்கள். காய் பிடித்தால் கொடி பூப்பதை நிறுத்திவிடும். இப்படிப் பறித்துவந்தால் பிள்ளைகள் கையிலும் காய் அகப்படாது. பங்குனி வெயிலோடு கொடி முடிந்துவிடும், அதைக் காப்பாற்ற மினக்கெட வேண்டாம்.

வருடம் முழுக்கப் பூக்கிற கொடிதான் வேண்டுமென்றால் என் மனம் சங்குப்பூப் பக்கம்தான். இதுவும் அவரைக் குடும்பம்தான். மணல், வெயில் இரண்டையும் தாங்கும், ஒன்றரை இரண்டு மாதத்தில் வேலி நிறைய நீலமாய்ப் பூக்கும். வாசம் மட்டும் இல்லை.

ஐப்பசி வரை மிச்ச விதையை ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். பயறு, கடலைப் போத்தல்களோடு சேர்க்காமல், மேலே ‘பூ விதை, நஞ்சு’ என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.