மருத்துவ நூலகரிடம் கேளுங்கள்: பப்மெட் முதல் டிசெக்‌ஷன் ஹால் வரை

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் பல வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவத் தகவலைக் கணினியில் தேடுவது, சரிபார்ப்பது, கணினியை வைத்து மருத்துவம் படிப்பது பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். பப்மெட் என்பது மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்; டிசெக்‌ஷன் ஹால் என்பது மாணவர்கள் இறந்தவர் உடலை அறுத்துப் படிக்கும் கூடம். நான் டாக்டர் இல்லை. எந்த நோய்க்கு எந்த மாத்திரை என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

எம்.டி. மாணவர், மதுரை: மேடம், தீசிஸுக்காக பப்மெட்டில் பாம்புக்கடி என்று தேடினால் ஆயிரக்கணக்கில் கட்டுரைகள் வருகின்றன. எங்கே ஆரம்பிப்பது?

தேடல் பெட்டியில் கை வைக்கும் முன் கேள்வியைத் தாளில் எழுதுங்கள். யாருக்கு, என்ன சிகிச்சை, எதோடு ஒப்பிட்டு, என்ன பலன்? பாம்புக்கடி என்பது தலைப்பு, கேள்வி ஆகாது. ‘கண்ணாடி விரியன் கடித்தவர்களுக்கு விஷமுறிவு மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்தாலும் அதிக அளவில் கொடுத்த அதே பலன் கிடைக்கிறதா?’ இது கேள்வி. இப்படி எழுதிவிட்டாலே பாதிக் கட்டுரைகள் கழிந்துவிடும்.

அடுத்தது மெஷ். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960-லிருந்து பராமரித்து வரும் பொருள்தலைப்புப் பட்டியல் அது. ஆசிரியர் ஒருவர் ஹார்ட் அட்டாக் என்று எழுதியிருப்பார், இன்னொருவர் மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன் என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே மெஷ் தலைப்பின் கீழ் வந்து சேரும். உங்களுக்கு ஸ்நேக் பைட்ஸ் (பாம்புக்கடி), ஆன்டிவெனின்ஸ் (விஷமுறிவு மருந்து) இரண்டையும் சேர்த்துத் தேடுங்கள். ஆனால் மெஷ்ஷோடு நின்றுவிட வேண்டாம். முன்பு பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து கட்டுரையைப் படித்துத் தலைப்பு கொடுத்தார்கள். 2022 முதல் பெரும்பாலும் கணினி நிரலே கொடுக்கிறது, அது தவறவும் செய்யும். பப்மெட்டில் இருந்தும் மெஷ் தலைப்பே தரப்படாத கட்டுரைகளும் உண்டு. அதனால் சாதாரணச் சொற்களாலும் ஒருமுறை தேடி, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தேடிய தேதியையும் போட்ட சொற்களையும் குறித்து வையுங்கள், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் கேட்பார்கள்.

ஒன்றை எல்லோருக்குமே சொல்கிறேன்: கட்டுரையின் தொடக்கத்தில் இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு மேற்கோள் காட்டாதீர்கள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எத்தனை பேர் பாதியில் விலகினார்கள் என்பதெல்லாம் உள்ளேதான் இருக்கும்.

பிசியோதெரபி மாணவி, சேலம்: அக்கா, முழுக் கட்டுரையும் காசு கேட்கிறது. இலவசமாகக் கிடைக்காதா?

பல கட்டுரைகள் கிடைக்கும். பப்மெட்டில் இலவச முழுக் கட்டுரை என்ற வடிகட்டி இருக்கிறது. 2000-ல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரலில் இருப்பவை எல்லாம் முழுமையாகப் படிக்கக்கூடியவை. அரசுக் கல்லூரி என்றால் உங்கள் நூலகரிடம் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ பற்றிக் கேளுங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம், சுமார் 13,000 இதழ்கள் அதில் உண்டு. எதுவுமே நடக்காவிட்டால் கட்டுரையாளருக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். நிறையப் பேர் அனுப்பி வைக்கிறார்கள்.

பெயர் சொல்லாதவர்: மூன்று நாளாகத் தலைவலி, கண் மங்கலாகத் தெரிகிறது. கூகுளில் பார்த்தால் பயமாக இருக்கிறது.

இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். தேடுவதை நிறுத்துங்கள்.

பயிற்சி மருத்துவர், திருச்சி: சாட்ஜிபிடி கொடுத்த மேற்கோள்களை அப்படியே போடலாமா?

கூடாது. இதழ் பெயர் உண்மையாக இருக்கும், ஆசிரியரும் உண்மையிலேயே அந்தத் துறைக்காரராக இருப்பார், அப்படி ஒரு கட்டுரை மட்டும் இருக்காது. ஒவ்வொரு மேற்கோளின் தலைப்பையும் பப்மெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் பிஎம்ஐடி என்ற தனி எண் உண்டு. சாட்ஜிபிடி கொடுக்கும் எண் வேறு கட்டுரைக்குப் போகிறதா என்றும் பாருங்கள். கட்டுரை இருந்தாலும், அது சொல்வதாகச் சாட்ஜிபிடி சொன்னதை உண்மையில் சொல்கிறதா என்பது தனிக் கேள்வி. புரியாத பத்தியை எளிமையாக விளக்கச் சொல்ல அதைப் பயன்படுத்துங்கள். ஆதாரம் தேட வேண்டாம்.

இரண்டு வயதுக் குழந்தையின் அம்மா, கோவை: மேடம், எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்று வாட்ஸப்பில் வந்தது. லான்செட் கட்டுரை என்று போட்டிருக்கிறார்கள். அது பொய்யா?

எம்எம்ஆர் என்பது தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூன்றுக்குமான தடுப்பூசி. லான்செட் என்ற மருத்துவ இதழில் கட்டுரை வந்தது உண்மை. 1998-ல் வேக்ஃபீல்ட் என்ற மருத்துவரும் உடனிருந்தவர்களும் எழுதினார்கள். அதில் இருந்தது 12 குழந்தைகள். 2010-ல் லான்செட்டே அதைத் திரும்பப் பெற்றது. பப்மெட்டில் அந்தக் கட்டுரையைத் திறந்தால் திரும்பப் பெறப்பட்டது என்ற அறிவிப்பு கண்ணில் படும்படி இருக்கும். ஃபார்வர்டு செய்தவர்கள் அதைக் காட்ட மாட்டார்கள். டென்மார்க்கில் 6.5 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், தடுப்பூசி போட்ட குழந்தைகளுக்கு ஆட்டிசம் அதிகமாக வரவில்லை. குழந்தைக்குத் தயங்காமல் போடுங்கள் அம்மா, சந்தேகம் இருந்தால் குழந்தை மருத்துவரிடமே கேளுங்கள்.

தமிழிலேயே படிக்க வேண்டுமானால் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் தளத்தில் எளிய சுருக்கங்கள் பல தமிழில் இருக்கின்றன. காக்ரேனின் தெற்காசிய மையம் வேலூர் சிஎம்சியில்தான் இயங்கி வந்தது.

பல் மருத்துவ மாணவர்: முழுக் கட்டுரை இலவசமாகக் கிடைக்குமா?

சேலம் மாணவிக்குச் சொன்னதைப் பாருங்கள் தம்பி.

முதலாமாண்டு எம்பிபிஎஸ் மாணவர்: எங்கள் கல்லூரியில் திரை மேசை வாங்கியிருக்கிறார்கள். விரலால் தொட்டால் தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காக விலகுகிறது. டிசெக்‌ஷன் ஹாலில் ஓர் உடலைச் சுற்றிக் கூட்டமாக நிற்கிறோம், பின்வரிசைக்கு ஒன்றும் தெரியாது. இனி உடல் எதற்கு?

உங்கள் திரை மேசையின் கதை விசிபிள் ஹியூமன் திட்டத்திலிருந்து வருகிறது. மெஷ் பட்டியலைப் பராமரிக்கும் அதே அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம்தான் செய்தது. முழு உடலை உறையவைத்து, குறுக்குவாக்கில் 1 மில்லிமீட்டர் கனத்தில் சீவிக்கொண்டே போய், ஒவ்வொரு பரப்பையும் படமெடுத்தார்கள். ஆண் உடல் 1994-ல் வெளியானது, பெண் உடல் 1995-ல், அது 0.33 மில்லிமீட்டர் இடைவெளியில். கை வைத்து அறுக்கும்போது குறுக்குவெட்டு இப்படி வராது. சிடி ஸ்கேன் படிக்கக் கற்கும் மாணவருக்கு அது பெரிய வரம். ஆனால் உடல் எதற்கு என்ற உங்கள் முடிவுக்கு நான் வரமாட்டேன்.

உடற்கூறியல் பேராசிரியர் (ஓய்வு): வரம் என்று சொல்லிவிட்டீர்களே மேடம்! நரம்பையும் ரத்தக்குழாயையும் விரல் நுனியில் பிரித்து அறியாதவன் நாளை எப்படி அறுவை செய்வான்? திரையில் எல்லா உடலும் ஒரே உடல்.

கடைசி வரி மிகச் சரி சார், அதையே விரித்துச் சொல்கிறேன். அந்த ஆண் உடலில் குடல்வால் இல்லை, முன்பே அறுவை செய்து எடுத்திருந்தார்கள். உலகம் முழுக்க மாணவர்கள் பார்த்த மாதிரி உடலிலேயே ஓர் உறுப்பு குறைகிறது. மாணவர் தம்பி, உங்கள் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்குங்கள். நடுவில் ஒரு தசைநாண் துருத்தும், பால்மாரிஸ் லாங்கஸ். நண்பர்களையும் செய்யச் சொல்லுங்கள், சிலருக்கு இருக்கவே இருக்காது. அது இல்லாததால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் கல்லீரலின் வலதுபக்கத் தமனி சிலருக்கு வழக்கமான இடத்திலிருந்து கிளம்பாமல் குடலுக்குப் போகும் தமனியிலிருந்து கிளம்பும். பித்தப்பை எடுக்கும் சர்ஜன் அதை அறியாமல் கத்தி வைத்தால் விபரீதம். வெவ்வேறு மேசையில் வெவ்வேறு உடலைப் பார்த்தவருக்கு இந்த எச்சரிக்கை தானாக வரும்.

பேராசிரியர்: அப்படியானால் திரை எதற்கு? அந்தப் பணத்தில் உடல்தானப் பிரசாரம் செய்யலாமே.

இங்கேதான் உங்களோடு உடன்பட முடியவில்லை சார். அறுத்த உடலை மறுபடி ஒட்ட முடியாது, திரையில் நூறு முறை பிரித்துச் சேர்க்கலாம். பின்வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு இன்று ஒன்றுமே தெரிவதில்லை என்பதும் உண்மை. இங்கிலாந்தில் பெனின்சுலா மருத்துவப் பள்ளி உடலை அறுக்காமலே உடற்கூறியல் கற்பித்தது. அதை அப்படியே இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. முதல்நாள் மாலை திரையில் பார்த்துவிட்டு மறுநாள் காலை உடலுக்கு வரும் மாணவர் எங்கே கத்தி வைக்க வேண்டும் என்று தெரிந்து வருவார், கிடைக்கும் உடலும் வீணாகாது.

ஹவுஸ் சர்ஜன், சென்னை: மேடம் சொல்வதுதான் சரி. ஸ்கேன் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு வயிற்றின் அமைப்பே புரிந்தது.

பேராசிரியர்: உடல்தானம் செய்தவருக்கு முதல்நாள் கைகூப்பி உறுதிமொழி எடுக்கிறோம். திரைக்கு யார் கைகூப்புவார்கள்?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். திரைக்குப் பின்னாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். விசிபிள் ஹியூமன் திட்டத்தின் அந்த ஆண், டெக்சாஸில் 1993-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். அறிவியலுக்கு உடலைத் தர ஒப்புக்கொண்டவர். மரணத்தை எதிர்நோக்கிச் சிறையில் இருப்பவரின் சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. அந்தப் பெண்ணுக்கு 59 வயது, மேரிலாந்தைச் சேர்ந்தவர். திரை மேசையை முதன்முதலில் தொடும் நாளிலும் இதை மாணவர்களுக்குச் சொல்லி உறுதிமொழி எடுக்க வைக்கலாம். உங்களைப் போன்ற ஆசிரியர்கள் தொடங்கினால் நடக்கும் சார்.

மற்றொருவர்: அம்மாவின் தைராய்டு ரிப்போர்ட் அனுப்பலாமா?

வேண்டாம். ரிப்போர்ட் எழுதிக்கொடுத்த டாக்டரிடம் காட்டுங்கள். சோதனை என்ன என்று மட்டும் புரிய வேண்டுமானால் மெட்லைன்பிளஸ் தளத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது, விளம்பரம் கிடையாது.

நர்சிங் மாணவர்: இலவசக் கட்டுரை...

மேலே இருக்கிறது. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

முதலாமாண்டு எம்பிபிஎஸ் மாணவர்: மேடம், விசிபிள் ஹியூமன் படங்களை வீட்டுக் கணினியில் பார்க்க முடியுமா?

முடியும். முன்பு உரிமம் வாங்க வேண்டும், 2019 முதல் அது தேவையில்லை. ஆண் உடல் மட்டுமே சுமார் 15 ஜிபி, பெண் உடல் சுமார் 40 ஜிபி. மொத்தமாக இறக்காதீர்கள். முதலில் மார்புப் பகுதிப் படங்களை மட்டும் எடுத்து, உடற்கூறியல் படநூலான அட்லஸைப் பக்கத்தில் திறந்துவைத்து, ஒவ்வொரு குறுக்குவெட்டிலும் மகாதமனி எங்கே போகிறது என்று தொடர்ந்து பாருங்கள்.