அணையும்போது சிவக்கும் விளக்கு

அன்புள்ள ஐயா,

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் என் மகன் அங்கே பழம்பொருள் சந்தையில் நாடக மேடை விளக்கு ஒன்றை வாங்கியிருக்கிறான். அதன் மேல் ‘ஸ்ட்ராண்ட் எலெக்ட்ரிக், பேட்டர்ன் 23’ என்று பொறித்திருக்கிறதாம். விற்றவர்கள் அதற்கு மெருகேற்றி, உள்ளே எல்.இ.டி. பல்பு பொருத்தி, மரத்தாலான மூன்றுகால் தாங்கியில் நிறுத்திக் கொடுத்திருக்கிறார்கள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது அதை ஊருக்கே கொண்டுவரப் போகிறானாம். காயலான் கடைக்குப் போக வேண்டிய இரும்புக்கு இவ்வளவு பணமா என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. நீங்கள் நாடகக் குழுக்களோடு பழகியவர் என்பதால் கேட்கிறேன். இந்தப் பழைய விளக்குகளில் அப்படி என்னதான் இருக்கிறது? வெறும் பழமை மோகம்தானா?

ர., கும்பகோணம்

அன்புள்ள ர. அவர்களுக்கு,

முதலில் ஒரு சிறு திருத்தம். அது இரும்பு அன்று, வார்ப்பு அலுமினியம். அந்த விளக்கின் கதையே அங்கேதான் தொடங்குகிறது. 1914-இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஸ்ட்ராண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் 1953-இல் இந்த மாதிரியை வெளியிட்டபோது, தகட்டை வெட்டி மடித்துச் செய்வதை விட்டுவிட்டு உடலை அச்சில் வார்த்தெடுத்தது. ஏராளமாகச் செய்ய முடிந்ததால், பெரிய அரங்குகளின் சொத்தாக இருந்த ஸ்பாட் லைட் பள்ளிக்கூட மேடைக்கும் ஊர்மன்ற நாடகத்துக்கும் வந்து சேர்ந்தது. உள்ளே இருப்பவை மிகச் சில பொருள்களே: ஒரு 500 வாட் பல்பு, அதன் பின்னால் நீள்வட்டக் குழிவுள்ள ஒரு கண்ணாடி, முன்னால் ஒரு வில்லை, இரண்டுக்கும் நடுவில் ஒளிக்கு வடிவம் கொடுக்கத் தகடு செருகும் ஓர் இடைவெளி. மூடியைத் திறந்து காட்டினால், ஒளி எங்கே பிறந்து எதில் பட்டுத் திரும்பி எந்த வழியாக வெளியேறுகிறது என்பது பத்து வயதுப் பையனுக்கும் விளங்கிவிடும். இன்றைய விளக்கைத் திறந்தால் மின்சுற்றுப் பலகைதான் தெரியும். வாங்குபவர்களை முதலில் ஈர்ப்பது இந்தத் திறந்த தன்மைதான் என்று நினைக்கிறேன்.

ஆனால் அது பாதி விடைதான். மீதிப் பாதியை, உங்கள் மகனுக்கு விற்றவர்கள் விளக்கிலிருந்து கழற்றி எறிந்துவிட்டார்கள்.

அவர்கள் எறிந்த பழைய வகை பல்பின் உள்ளே இருக்கும் டங்ஸ்டன் இழை சூடேறுவதால் ஒளிர்வது. மின்சாரத்தைக் குறைக்கக் குறைய அதன் வெப்பம் இறங்குகிறது. வெப்பம் இறங்க இறங்க வெண்மை மஞ்சளாகி, மஞ்சள் ஆரஞ்சாகி, கடைசியில் அடுப்புத் தணலின் சிவப்பில் வந்து நின்று அணைகிறது. மேடை விளக்கின் இழை தடிமனானது என்பதால், மின்சாரம் நின்ற பிறகும் ஒரு கணம் அந்தச் சூடு தங்கியிருக்கும். காட்சி முடிவில் நடிகையின் முகத்தில் விழுந்த ஒளி குறையும்போது, அந்த முகம் இருளுவதோடு கூடவே சிவந்து, கனிந்து மறைவது இதனால்தான். எந்த ஒளியமைப்பாளரும் யோசித்துச் சேர்த்த அழகன்று இது, உலோகத்தின் இயல்பு. நூறாண்டுக் காலமாக இந்த மறைவைப் பார்த்துப் பழகிய நம் கண், ‘காட்சி முடிந்தது’ என்பதையே இந்தச் சிவப்பால்தான் புரிந்துகொள்கிறது.

இதை நான் முதன்முதலில் அருகிலிருந்து பார்த்தது ஒரு மாவட்டத் தலைநகரின் அமெச்சூர் நாடகத்தில், பதின்மூன்று வயதில். பக்கத்திரைக்குப் பின்னால் ஊறுகாய் போடும் பெரிய பீங்கான் ஜாடியில் உப்புத் தண்ணீர் நிரப்பியிருந்தார்கள். அடியில் ஓர் உலோகத் தகடு, மேலே மரக்கழியில் கட்டிய இன்னொரு தகடு. விளக்குக்குப் போகும் மின்சாரம் இரண்டுக்கும் இடையில் உள்ள நீரின் வழியாகப் போக வேண்டும். கழியை இறக்கினால் மேடையில் பொழுது விடியும், உயர்த்தினால் அந்தி சாயும். உப்பு குறைந்தால் விளக்கு முழு வெளிச்சத்துக்கு வராது, கூடினால் முழுதாக அணையாது. லைட் பார்த்த அண்ணன் ஒவ்வொரு சிட்டிகையாகப் போட்டுப் போட்டுச் சரிபார்த்தார். அப்படிச் சரிபார்த்தும், மூன்றாவது காட்சிக்குள் தண்ணீர் சூடேறி மின்சாரத்தை அதிகமாகக் கடத்தத் தொடங்கிவிட்டதால், கதாநாயகன் உயிர்விட்ட பிறகும் அவர் முகத்தின் மேல் ஒரு மங்கிய செவ்வொளி போக மறுத்தது. சபையில் யாரும் சிரிக்கவில்லை. அது வேண்டுமென்றே செய்தது என்று எண்ணிக் கைதட்டினார்கள். அந்த ஜாடியில் ஒரு விரல் பட்டிருந்தால் அன்றைக்கு மேடைக்கு வெளியேயும் ஓர் உயிர் போயிருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

லண்டனில் இதே வேலையை எவ்வளவு நேர்த்தியாகச் செய்ய முயன்றார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஸ்ட்ராண்டில் பணியாற்றிய ஃபிரெடரிக் பெந்தம் 1935-இல் உருவாக்கிய கட்டுப்பாட்டு மேசை, காம்ப்டன் நிறுவனத்து ஆர்கன் வாத்தியத்தின் அமைப்பையே கொண்டது. இயக்குபவர் கட்டைகளின் மேல் விரல் வைத்து, வாசிப்பதைப் போல ஒளியை ஏற்றி இறக்கினார். நம் ஊர் ஜாடியும் அந்த ஆர்கனும் ஒரே குலம்தான். இரண்டிலும் மனிதக் கையின் நிதானம் நேரே இழைக்குப் போய்ச் சேர்கிறது.

பழையதெல்லாம் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. எரிவாயு விளக்குகளின் காலத்தில் அரங்கம் தீப்பிடிப்பது வழக்கமான செய்தி. 1881 டிசம்பர் 8 அன்று வியன்னாவின் ரிங் அரங்கில் மேடை எரிவாயு விளக்குகளிலிருந்து பற்றிய தீயில் நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். இருபது நாள் கழித்து லண்டன் சவாய் அரங்கில் மேடைக்கும் மின்விளக்கு வந்தபோது, அதன் உரிமையாளர் ரிச்சர்ட் டாய்லி கார்ட் எரிந்துகொண்டிருந்த பல்பு ஒன்றை மஸ்லின் துணியில் சுற்றிச் சபையோர் முன்னால் உடைத்து, துணி கருகாததைக் காட்ட வேண்டியிருந்தது. அப்படி வந்த இழை விளக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட ஒளியாக்குவதில்லை, மீதியெல்லாம் அனல். ஒரு வரிசை ஸ்பாட்டுக்குக் கீழே ஜரிகைப் பட்டும் பொய்முடியும் அணிந்து ராஜா வேடம் போட்டவரைக் கேட்டால் அந்த அனலைப் பற்றிச் சொல்வார். எல்.இ.டி. வந்ததில் எனக்கு வருத்தமே இல்லை.

ஆனாலும் 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் விளக்குகளுக்கான மின்சிக்கன விதிகளைத் திருத்த முற்பட்டபோது, இழை விளக்குகள் கிடைக்காமல் போய்விடும் என்று நாடகக்காரர்கள் திரண்டு எதிர்த்து, மேடை விளக்குகள் சிலவற்றுக்கு விலக்குப் பெற்றார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். இன்றைய உயர்தர எல்.இ.டி. மேடை விளக்குகளில், ஒளி குறையும்போது செம்மை கூடும்படி தனியாக நிரல் எழுதிச் சேர்க்கிறார்கள். பழைய இழை தன்பாட்டில் செய்ததைப் புதிய விளக்குக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மோகம் மட்டும் என்றால் மெருகேற்றிய உடலோடு நின்றிருக்கும். தொழில்காரர்கள் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள்.

இந்த ஈர்ப்புக்கு விலை உயர்ந்த விளக்கு வேண்டும் என்பதும் இல்லை. 1959-இல் கல்கத்தா மினர்வா அரங்கில் உத்பல் தத்தின் ‘அங்கார்’ நாடகத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து தொழிலாளர்களை மூழ்கடிப்பதை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஒளியைக் கொண்டே ஒளியமைப்பாளர் தாபஸ் சென் காட்டினார்.

ஆகவே உங்கள் மகனிடம் சண்டை வேண்டாம், அந்த எல்.இ.டி. பல்பை எடுத்துவிட்டுப் பழைய வகை 500 வாட் பல்பு கிடைக்குமா என்று தேடச் சொல்லுங்கள். விளக்கில் பழைய பிளக்கே இருந்தால் அதைப் பற்றிய கவலையும் இருக்காது. பிரிட்டனில் வீடுகளில் ஃப்யூஸ் வைத்த பிளக் வந்துவிட்டாலும், உயரத்தில் தொங்கும் விளக்கின் பிளக்கில் ஏறி ஃப்யூஸ் மாற்ற முடியாது என்பதால், அரங்குகளில் பழைய 15 ஆம்பியர் உருண்டை முள் பிளக்கையே வைத்துக்கொண்டார்கள். நம் வீட்டில் கெய்சருக்கும் மோட்டாருக்கும் செருகும் அதே மூன்று முள்தான். ஆனால் ஒயரை மட்டும் நீங்களாகப் பிரிக்காதீர்கள். அக்காலத்து விளக்குகளில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உறை போட்ட ஒயர் இருந்ததுண்டு, அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது. விவரம் தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒயரை மாற்றி, எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் செய்யுங்கள். அப்படியே ஒளியைக் கூட்டிக் குறைக்க நல்ல டிம்மர் ஒன்றும் வாங்கிவிடுங்கள். மின்விசிறி ரெகுலேட்டரில் கொடுத்தால் 500 வாட்டை அது தாங்காது.