படகில் பற்றரியும் பியூஸும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

விளக்கிற்கான 5 அம்பியர் பியூஸ் அடிக்கடி எரிகிறது. 30 போடச் சொல்கிறார் மெக்கானிக். போடலாமா? (மட்டக்குளி)

வேண்டாம். பியூஸ் காப்பது விளக்கை அல்ல, வயரை. உங்களுடையது 1.5 சதுர மி.மீ. வயர்; 30 அம்பியர் போட்டால் பியூஸுக்கு முன் வயர் எரியும், அதுவும் பைபர் படகில்! உங்கள் 5 அம்பியர் பியூஸ் வேலையை ஒழுங்காகவே செய்கிறது. பலகைத் துளை வழியாக வயர் போகும் இடங்களைத் தடவிப் பாருங்கள், உறை தேய்ந்திருக்கும். முனையைச் சற்றுச் சீவினால் செம்பு கறுத்திருக்கிறதா? அப்படியானால் முழு வயரையும் மாற்றி, வெள்ளீயம் பூசிய செப்பு வயர் போடுங்கள்.

பிரதான பியூஸை ஸ்டியரிங் பக்கத்தில் வைத்தால் மாற்றுவது சுலபம் அல்லவா? (மோதரை)

உங்களுக்குச் சுலபம், வயருக்கு ஆபத்து. பற்றரிக்கும் பியூஸுக்கும் இடைப்பட்ட வயருக்குப் பாதுகாப்பே கிடையாது. அமெரிக்கப் படகுத் தரநிலையான ஏபிவைசி பொதுவாக 7 அங்குலத்துக்குள் வைக்கச் சொல்கிறது. பற்றரி முனையிலிருந்து நேரே வரும் வயர் குழாய்க்குள் போனால் 72 அங்குலம் வரை அனுமதி உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் கேபிளுக்கு மட்டும் விதிவிலக்கு.

நீர்கொழும்புக் களப்பில் சுற்றுலாப் படகு ஓட்டுகிறேன். 12 வோல்ற் ஈய பற்றரிகளை எடுத்துவிட்டு 200 அம்பியர்-மணி லித்தியம் போடப் போகிறேன். பழைய ஏஎன்எல் (ANL, போல்ட் போட்டுப் பூட்டும் தகட்டு வகை) பியூஸ் போதுமா?

போதாது என்பதே என் தீர்ப்பு. பியூஸுக்கு இரண்டு எண்கள் உண்டு. எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும் என்பது ஒன்று. ஷோர்ட் ஆனால் எவ்வளவு பெரிய மின்னோட்டத்தைத் துண்டிக்க முடியும் என்பது மற்றது. கடையில் முதலாவதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். துண்டிக்கும் திறன் கார்களில் வரும் பிளேட் பியூஸுக்கு 1,000 அம்பியர் அளவு. நல்ல ஏஎன்எல்லுக்கு 6,000. பற்றரி முனையிலேயே பூட்டும் எம்ஆர்பிஎஃப் (MRBF) வகைக்கு 14 வோல்ற்றில் 10,000, ஆனால் 32 வோல்ற்றில் 5,000 மட்டுமே. கிளாஸ் டி (Class T) வகைக்கு 20,000. லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு என்பதால் ஷோர்ட் ஆனால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். திறன் போதாத பியூஸில் தகடு உருகினாலும் உள்ளே மின்பொறி வில் அணையாது. பற்றரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (BMS) என்ற பாதுகாப்பு மின்சுற்று பார்த்துக்கொள்ளும் என்பார்கள்; அதன் ட்ரான்சிஸ்டர்கள் பழுதானால் மின்னோட்டத்தைத் துண்டிக்காமல் கடத்தும் நிலையிலேயே நின்றுவிடக்கூடும். ஆகவே பற்றரி அருகே கிளாஸ் டி, அதற்கு அப்பால் கிளைகளுக்குப் பிளேட் பியூஸ். புறக்கோட்டையில் பொன்முலாம் பூசி மின்னும் கார் ஓடியோ பியூஸ்களைக் காட்டினால், துண்டிக்கும் திறன் எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். எழுதியிராவிட்டால் வாங்காதீர்கள். கிளாஸ் டி விலை அதிகம்தான். ஆனாலும் உபரியாக ஒன்று கையில் இருக்கட்டும்.

படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் தானியங்கிப் பில்ஜ் பம்பியை மெயின் சுவிட்ச்சோடு இணைக்கலாமா?

இணைத்தால், சுவிட்ச்சை அணைத்துவிட்டு வீடு போன இரவில் மழை பெய்தால் படகைத் துறையின் அடியில்தான் தேட வேண்டும். பற்றரியிலிருந்து நேரே, தனிப் பியூஸோடு கொடுங்கள். பியூஸ் அளவு பம்பியின் உறையிலேயே இருக்கும்; அதைவிடப் பெரிதாகப் போட்டால், குப்பை சிக்கிச் சுழலாமல் நிற்கும் மோட்டர் சூடேறித் தீப்பிடிக்கும்.

வீட்டுச் சுவிட்ச் பெட்டியில் வரும் பிரேக்கரைப் படகில் போடலாமா?

நேர் மின்னோட்ட (DC) அளவு அதில் அச்சிடப்படாவிட்டால் கூடாது. பெற்றோல் தாங்கி இருக்கும் அறையில், அச்சிட்டிருந்தாலும் கூடாது. அது துண்டிக்கும்போது எழும் பொறி ஆவியைப் பற்றவைக்கும். அங்கே பொறி வெளிவராதபடி மூடிய வகைதான் வேண்டும்.